வீட்டுக் கட்டணங்களைச் செலுத்தும் வழி
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



வீட்டுக் கட்டணங்களை எவ்வழியாற் செலுத்துவது நன்று என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். கலை, இலக்கியம், சமயம் என்னும் பெரும் பொருள்களைக் கேட்டுப் பழகிய இவ்வவையிலே மின்சாரப் பில்லைப்பற்றிப் பேச எழுந்தமை சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் மாதந்தோறும் எல்லா வீட்டுக்கும் தவறாது வரும் விருந்தாளி ஒருவர் உண்டென்றால் அவர் இந்தப் பில்லே ஆவர். மின்சாரம், நீர், தொலைபேசி, சோலைவரி, காப்புறுதித் தவணை எனப் பல வேடங்களில் அவர் வருவர். அவரை முறையாக அனுப்பிவைக்கத் தெரியாத வீட்டில் விளக்கு அணையும். சில வேளைகளில் அதனினும் பெரிய இழப்பும் நேரும்.

இவ்விடயத்தில் நம் வீடுகளில் இரு கட்சிகள் உள. பெரியோர் கட்சி தபாற் கந்தோருக்கோ வங்கிக்கோ நேரிற் சென்று, காசை எண்ணிக் கொடுத்து, பற்றுச்சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தாலன்றி நித்திரை கொள்ளாது. வாலிபர் கட்சி சாய்மனைக் கதிரையிற் கிடந்தபடியே கைத்தொலைபேசியை இரண்டு தரம் தட்டிவிட்டு, "கட்டியாயிற்று அப்பா" என்று சொல்லும். "துண்டு எங்கே?" என்று அப்பா கேட்பார். மகன் சிரிப்பான். பிழை தொடங்குமிடம் இச்சிரிப்பே. துண்டு எங்கே என்பது பழைமைப் பற்றினால் எழுந்த கேள்வியன்று. கணக்கறிந்தவர் கேட்கும் கேள்வி. அதுபோலவே, வெய்யிலில் பஸ் ஏறிப்போய், அரைநாளைச் செலவிட்டு, நெரிசலிற் காசைக் கொண்டுசெல்வதொன்றே பத்திரமான வழியென்று பெரியோர் எண்ணுவதும் முற்றும் பொருந்தாது.

ஆகவே, வழி பழையதா புதியதா என்று பாராமல், எந்த வழியையும் மூன்று கேள்விகளால் உரைத்துப் பார்ப்போம். காசு உரிய கணக்கிற்றான் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்தமைக்குச் சான்று நம் கையில் உளதா? பிழை நேர்ந்தாற் சென்று கேட்பதற்கு ஓர் இடம் உண்டா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால் அவ்வழி பத்திரமானது. அதன் பின்னரே வசதியைப் பார்க்க வேண்டும். பஸ் காசு, நேரம், உடல் வருத்தம், வேறு கட்டணம் யாதும் அறவிடுகிறார்களா என்பன வசதியின் பாற்படும்.

முதலிற் கருமபீடத்தை எடுத்துக்கொள்வோம். தபாற் கந்தோர், வங்கி, பெரிய பல்பொருட் கடைகள் ஆகியவற்றிற் பில் காசு கட்டலாம். பற்றுச்சீட்டு உடனே கிடைப்பது இதன் சிறப்பு. ஆனால் அதனைப் பாராமல் மடித்து வைப்பவரே பலர். பில்லிலுள்ள கணக்கு இலக்கமும் பற்றுச்சீட்டிலுள்ள இலக்கமும் ஒன்றுதானா என்று கருமபீடத்தை விட்டு நகருமுன் பார்த்தல் வேண்டும். ஓர் எண் மாறினால் நம் காசு அயலவர் வீட்டு விளக்கை எரிக்கும். இன்னுமொன்று: இக்காலத்துப் பற்றுச்சீட்டுகள் பல சூட்டினால் எழுத்துப் பதியும் கடதாசியில் வருவன. சில மாதங்களில் எழுத்து மங்கி வெறுங் கடதாசியாகிவிடும். ஆதலின் அதிலுள்ள இலக்கத்தையும் தொகையையும் அன்றே எழுதி வைத்தல் அல்லது படம் பிடித்து வைத்தல் நன்று.

காசோலை இன்னொரு வழி. 2006ஆம் ஆண்டு தொடக்கம் நம் நாட்டு வங்கிகள் காசோலையைக் கொண்டுசெல்லாது அதன் படத்தையே அனுப்பித் தீர்வு செய்கின்றன. எனினும் காசு சேரச் சிறிது காலம் செல்லும்; கடைசி நாளில் இவ்வழி உதவாது. காசோலை எழுதுவோர் பெறுபவர் பெயரைத் தெளிவாக எழுதி, குறுக்குக்கோடு இட்டு, பில் இலக்கத்தைப் பின்புறத்திற் குறித்தல் வேண்டும். வெற்றுக் காசோலையில் ஒப்பமிட்டு ஒருவர் கையில் கொடுத்தல் வீட்டைத் திறந்துவிட்டு ஊருக்குப் போவதற்கு ஒப்பாகும்.

மாதந்தோறும் வங்கியே கட்டிவிடும்படி கட்டளை கொடுத்து வைப்பதும் உண்டு. மறதியுள்ளவருக்கும் அடிக்கடி பயணஞ் செய்பவருக்கும் இது பெரும் உதவி. ஆனால் கணக்கிற் காசில்லாதபோது கட்டளை நிறைவேறாது. அன்றியும், தானாகவே போகின்றதென்று பில்லைப் பாராது விட்டால், மீற்றர் வாசிப்பில் நேர்ந்த பிழையும் சேர்ந்தே கட்டப்பட்டுவிடும். கடனட்டையால் இவ்வாறு கட்டுவோர் அட்டைக் கணக்கை உரிய நாளில் முழுதாகத் தீர்க்காவிடின், மின்சாரத்துக்கு வட்டியும் கொடுத்தவர் ஆவர்.

இனிக் கைத்தொலைபேசிக்கு வருவோம். 2012இல் கைத்தொலைபேசிக் காசு முறை நம் நாட்டில் வந்தது. 2015இல் வங்கிகளுக்கிடையே உடனுக்குடன் காசு மாற்றும் பொது ஏற்பாடு தொடங்கிற்று. பின்னர் எல்லா வங்கிகளுக்கும் பொதுவான லங்கா கியூ.ஆர். என்னும் சதுரக் குறி வந்தது. அரச நிறுவனங்களுக்குக் காசு செலுத்துவதற்கான கவ்பே என்னும் ஏற்பாடு 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் தொடங்கப்பெற்றது. இவையாவும் நல்ல ஏற்பாடுகள். நள்ளிரவிலும் விடுமுறை நாளிலும் இருந்த இடத்திலிருந்தே கட்டலாம்.

ஆனால் உடனே போகும் காசு எளிதில் திரும்பாது. வங்கிக் கணக்கொன்றுக்குக் காசு மாற்றும்போது இலக்கத்தைக் கொண்டே அது செல்லும். பெயர் சரியென்று நாம் நம்பியிருப்பது போதாது. ஆதலின், இயன்றவரை வங்கிச் செயலியிலுள்ள பில் கட்டும் பகுதியைத் திறந்து, உரிய நிறுவனத்தைத் தெரிந்து, கணக்கு இலக்கத்தை ஒவ்வோர் எண்ணாகப் பார்த்து இடுதல் வேண்டும். சதுரக் குறியைப் படம் பிடித்தால், அனுமதி கொடுக்குமுன் திரையில் தோன்றும் பெயரை வாசித்தல் வேண்டும். குறியின் மேல் வேறொரு குறியை ஒட்டிவைக்கும் கள்வரும் உலகில் உளர். கட்டி முடிந்தபின் வரும் தொடர்பு இலக்கமே வாலிபரின் துண்டு. அதனைச் சேமித்து அப்பாவிடம் காட்டினால் இரு கட்சிகளுக்கும் அன்றே சமாதானம்.

இக்காலத்துக் கள்வர் பூட்டை உடைப்பதில்லை; நம் வாயாலேயே திறக்கச் செய்வர். "இன்றிரவு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இவ்விணைப்பை அழுத்துக" என்று ஒரு குறுஞ்செய்தி வரலாம். "வங்கியிலிருந்து பேசுகின்றோம், உங்களுக்கு வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று ஒரு குரல் இனிமையாகக் கேட்கலாம். அவசரப்படுத்துவதே அவர்தம் ஆயுதம். வங்கி எக்காலத்தும் நம் இரகசிய இலக்கத்தைக் கேளாது. காசு பெறுவதற்கு இரகசிய இலக்கம் வேண்டுவதில்லை; கேட்கிறார்களென்றால் நம்மிடமிருந்து எடுக்கவே கேட்கிறார்கள். செய்தியில் வந்த இணைப்பை அழுத்தாது, பழைய பில்லில் அச்சிட்ட தொலைபேசி இலக்கத்துக்கு நாமே பேசி விசாரித்தல் வேண்டும். இழப்பு நேர்ந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்கலாகாது. அந்த நிமிடமே வங்கிக்கு அறிவித்துக் கணக்கை நிறுத்துவித்து, பின் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பொலிசுக்கும் அறிவித்தல் வேண்டும். வங்கியின் விடை திருப்தி தராவிடின் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் உண்டு. நிதியியல் குறைகேள் அதிகாரியும் உளர்.

அன்பர்களே, இதுவரை கூறியவை வழிகளைப்பற்றியவை. இனி, நம் மனத்தில் மிகவும் உறுத்தும் ஒன்றைக் கூற விரும்புகின்றோம். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, தாயோ தந்தையோ தனித்து வாழும் வீடுகள் நம் ஊர்களிற் பல. முழங்கால் நோவினால் தபாற் கந்தோருக்குப் போக இயலாது, கைத்தொலைபேசியும் பழக்கமில்லை. அவர்கள் செய்வது யாது? உதவிக்கு வரும் பிள்ளையிடம் வங்கி அட்டையைக் கொடுத்து, இரகசிய இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கின்றனர். அப்பிள்ளை நல்ல பிள்ளையே என்று வைத்துக்கொள்வோம். ஆயினும் ஒருநாள் கணக்கில் ஐயாயிரம் குறைந்தால் அந்த நல்ல பிள்ளையையே முதலில் ஐயுற வேண்டி வரும். ஒரு பில்லின் பொருட்டு முதியவரின் சேமிப்பும் கேடுறலாம். இளைஞரின் நற்பெயரும் கேடுறலாம். காசை எடுத்துச் செல்லப் பிறரை ஏவலாம். பெட்டியின் சாவியைக் கொடுத்தனுப்பலாகாது.

இதற்கு எளிய வழி உண்டு. பென்சனும் நிலையான வைப்பும் உள்ள கணக்கைத் தொடாது, பில்களுக்கென ஒரு சிறு கணக்கைத் திறந்து, ஒரு மாதத்துக்கு வேண்டிய தொகையை மட்டும் அதில் வைத்தல் வேண்டும். அட்டையும் கைத்தொலைபேசியும் அச்சிறு கணக்கோடு நிற்கட்டும். காசு போகும் ஒவ்வொரு தரமும் குறுஞ்செய்தி வரும்படி வங்கியிற் கேட்டு வைத்தல் வேண்டும். உதவுபவர் தம் கணக்கிலிருந்து கட்டிவிட்டு, சான்றைக் காட்டிக் காசைப் பெற்றுக்கொள்வதும் நன்று. இவற்றோடு விலை குறைந்த கொப்பியானாலும் விலை கூடிய கொப்பியானாலும் ஒன்று வேண்டும். திகதி, எந்தப் பில், தொகை, தொடர்பு இலக்கம், கட்டியவர் என்று ஐந்து நிரல் போட்டு எழுதினாற் போதும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னது இதற்குத்தான்.

வாலிப அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ அயலிலோ உள்ள முதியவர் ஒருவருக்குப் பக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமர்ந்து கற்றுக் கொடுங்கள். நீங்களே விரைந்து தட்டிவிடாதீர்கள். அவர் விரலே தட்டட்டும். இரகசிய இலக்கம் இடும்போது முகத்தை மறுபுறம் திருப்பிக்கொள்ளுங்கள். அந்தத் திருப்பத்தில் அவர் அறியும் மரியாதை நூறு சொற்களிலும் பெரிது. பெரியோர்களுக்கும் ஒரு வார்த்தை. தெரியாததைப் பேரப்பிள்ளையிடம் கேட்பது இழிவன்று. கற்கும் வரையில், கற்க மனமில்லாவிடிற் கடைசி வரையிலும், கருமபீடத்துக்கே செல்லுங்கள். அதுவும் நல்ல வழியே. தம் வீட்டு விளக்கைத் தாமே எரியச் செய்கின்றோம் என்னும் பெருமையை மட்டும் பிறர் கையில் ஒப்படைத்துவிடாதீர்கள்.