கீழையூர்க் கட்டுத்தறி



காவிரிப்பூம்பட்டினத்தைக் காணச் சென்று மீள்வோர் பலர் 'இவ்வளவுதானா?' என்று கேட்கின்றனர். அதில் வியப்பில்லை. சிலப்பதிகாரமும் பட்டினப்பாலையும் நெஞ்சில் எழுப்பிய மாநகரைத் தேடிச் செல்வோர்க்கு அங்குக் கிடைப்பன மிகச் சில. கீழையூரில் ஒரு செங்கல் மேடை. வானகிரியில் ஒரு நீர்த்தேக்கத்தின் பகுதி. பல்லவனீச்சரத்தில் ஒரு பௌத்த விகாரத்தின் அடித்தளம். 1960களில் இந்தியத் தொல்லியல் துறையினர் மேற்கொண்ட அகழாய்வுகளில் வெளிப்பட்டவை இவை. 1973இல் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் நம் காலத்துப் படைப்பு. அதனைப் பழநகரின் எச்சமாகக் கொள்ளலாகாது. எச்சம் இத்துணைச் சிறிதாயின், இலக்கியம் உரைத்த பெருமை என்னாவது? கவிதை படைக்கும் உங்கள் முன் இவ்வினாவை வைப்பதே என் நோக்கம்.

ஒப்பிட்டு நோக்க வேறொரு துறைமுகக் கரைக்குச் செல்வோம். கென்ய நாட்டில், மாலிந்திக்கு அருகே, கெடி என்னும் பாழ்நகர் உள்ளது. இந்தியப் பெருங்கடல் வாணிகத்தால் செழித்த சுவாகிலி மக்களின் ஊர் அது. பதினேழாம் நூற்றாண்டளவில் மக்கள் அதனைக் கைவிட்டனர். 1948 முதல் ஜேம்ஸ் கிர்க்மன் அங்கு அகழ்ந்தாய்ந்தார். பவளப்பாறைக் கல்லாலான அரண்மனைச் சுவர்களும் பெரிய பள்ளிவாசலின் பகுதிகளும் மரங்களிடையே இன்றும் நிற்கின்றன. சீனத்துப் பீங்கான்களும் அம்மண்ணில் கிடைத்தன. 2024இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஆயினும் அந்நகர் வாழ்ந்த நாளில் அதன் வாழ்வை விரித்துரைத்த நூலொன்று நமக்கு வாய்க்கவில்லை. அங்கே சுவர் உண்டு, பாட்டில்லை. இங்கே பாட்டு உண்டு, சுவரில்லை. ஆகவே, நம் மண்ணைப் படிக்கும் முறையும் வேறாதல் வேண்டும்.

கீழையூர் மேடையைச் சற்றே நின்று நோக்குக. அது படகுத்துறை என்பர் ஆய்வாளர். செங்கல் மேடையை ஒட்டி, படகு பிணித்தற்குரிய மரத்தறிகள் மண்ணுள் கிடைத்தன. கரிமக் கணிப்பு அவற்றை ஏறத்தாழ கி.மு. நான்கு, மூன்றாம் நூற்றாண்டுகளைச் சார்ந்தன என்று காட்டிற்று. இனிப் பட்டினப்பாலையை நினைவுகூர்க. உப்பு விற்று நெல் கொண்டு வந்த படகுகள் தறிகளிற் பிணிக்கப்பட்டு நிற்கும் காட்சியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இலாயத்துக் குதிரைகளுக்கு ஒப்பிடுகிறார். ஏட்டில் உவமையாக நாம் பயின்ற தறி, மண்ணில் பொருளாகக் கிடைத்தது. கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவிபாடும் என்பது நம் பழமொழி. கீழையூர்க் கட்டுத்தறி கவி பாடவில்லை. கவிக்குச் சான்று பகர்கிறது.

அதே பாட்டு, நகரின் புறச்சேரியைக் கூறுமிடத்து உறைகிணற்றைச் சுட்டுகிறது. பூம்புகார், வானகிரிக் கடற்கரையில் அலை வந்து மீளும் பகுதியிலேயே சுடுமண் உறைகிணறுகளை ஆய்வாளர் கண்டுள்ளனர். உண்ணீர்க் கிணற்றைக் கடலுக்குள் தோண்டுவார் எவருமிலர். கிணறு வெட்டிய நாளில் கரை இன்னும் கிழக்கே இருந்தது என்பதும், கடல் முன்னேறி வந்தது என்பதும் தெளிவு.

அவ்வாறாயின் மணிமேகலை கூறும் கடல்கோள்? மகனை இழந்த சோழ மன்னன் இந்திரவிழாவை மறந்தமையால் நகர் கடல்வயப்பட்டது என்கிறது அக்காப்பியம். கடல் ஒரே நாளில் ஊர் புகும் என்பதை 2004 திசம்பர் 26இல் நாமே கண்டோம். ஆதலின் அதனை வெறுங்கதை எனத் தள்ளுதல் தகாது. ஆனால் நகர் முற்றும் அழிந்தொழிந்தது என்றும் கொள்ளுதற்கில்லை. ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் பட்டினத்துப் பல்லவனீச்சரத்தைப் பாடியிருக்கிறார். கோயிலும் அடியாரும் அங்கு இருந்தனர். ஊரும் தன் பெயரோடு வாழ்ந்தது.

நண்பர்களே, இங்கே கவிஞர்க்கு ஒரு பாடம் உண்டு. மாடமாளிகைகளைக் குறித்த பெருஞ்சொற்களுக்கு மண் இன்னும் விடை கூறவில்லை. படகு கட்டிய தறிக்கும், நீர் இறைத்த கிணற்றுக்கும் கூறிவிட்டது. புலவர் கண்ணாற் கண்டு எழுதிய சிறு பொருள் ஈராயிரம் ஆண்டு கடந்தும் சரியாக நிற்கிறது. இன்று பூம்புகாரைப் பாடும் கவிதைகளுள் பல, மூழ்கிய நகருக்கு இரங்கி, இழந்த பெருமையை எண்ணிப் பெருமூச்செறிந்து முடிகின்றன. அவற்றுள் ஒரு படகின் கயிறு இல்லை. ஒரு வலையின் முடிச்சு இல்லை. அக்கரையில் மீனவர் இன்றும் வாழ்கின்றனர். ஆழிப்பேரலையில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் அங்குண்டு. உருத்திரங்கண்ணனார் பரதவர் சேரியை அவர்தம் உணவோடும் விளையாட்டோடும் பாடினார்; நாமோ பரதவரை விடுத்து இடிபாட்டை மட்டும் பாடுகிறோம்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர்கள் ஒருமுறை பூம்புகார் சென்று வருதல் வேண்டும். கலைக்கூடத்தோடு மீண்டுவிடாமல் கீழையூர் மேடைக்கும் செல்லுங்கள். மீனவர் துறைக்கும் செல்லுங்கள். படகு எதிற் கட்டப்பட்டுள்ளது, உப்பு எங்கிருந்து வருகிறது, குடிநீர் எத்துணை ஆழத்தில் கிடைக்கிறது என்று கேட்டறியுங்கள். அறிந்ததை எழுதுங்கள். பின்வரும் ஆய்வாளர் உங்கள் வரியை மண்ணோடு ஒப்பிட்டு நோக்கும் நாளில் அது பொய்யாதிருத்தல் வேண்டும்.