எரிந்த ஊரும் எழுந்த ஊரும்: கோலாலம்பூர்ப் பழைய நகரில் ஒரு நடை



சென்ற பள்ளி விடுமுறையில் படிவம் நான்கு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறங்கினேன். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தைக் காட்டி, "இது போரில் எரிந்து மீண்டும் கட்டப்பட்ட ஊர்" என்றேன். "ஜப்பான்காரன் காலத்திலா ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். இல்லை, அதற்கும் எழுபது ஆண்டுகளுக்கு முன்பு என்றேன். அவள் நம்பவில்லை. அந்த நம்பாமையே இன்றைய உரைக்கு வித்து.

போர் 1867இல் கிள்ளானில் மூண்டது. ஆற்றின் வழி இறங்கும் ஈயத்திற்கு வரி தண்டும் உரிமை யாருக்கு என்பதே பூசலின் வேர். ராஜா அப்துல்லாவிடமிருந்து ராஜா மஹாடி கிள்ளானைப் பறித்தார். மலாய்ப் பிரபுக்களும் ஈயச் சுரங்கச் சீனரும் இரு பக்கமும் பிரிந்து நின்றனர். 1872இல் சையித் மஷோரின் படை கோலாலம்பூரைக் கைப்பற்ற, சீனர் தலைவரான கப்பித்தான் யாப் ஆ லோய் கிள்ளானுக்குத் தப்பினார். மறு ஆண்டு மார்ச்சில் பகாங் படையின் துணையோடு ஊர் மீட்கப்பட்டது. ஆனால் மீட்டது ஊரையன்று, சாம்பலை. சுரங்கக் குழிகளில் நீர் நிறைந்திருந்தது. அவர் கடன்பட்டு வீடுகளை எழுப்பினார், கூலியாட்களை மீண்டும் வரவழைத்தார். ஈய விலையோ சரிந்துகொண்டே போனது. 1879இல் விலை ஏறியிராவிட்டால் அவரும் அவர் ஊரும் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். போருக்குப் பின் எழுந்த ஊரும் பழைய ஊரைப் போலவே மரமும் பலகையும் அத்தாப்புக் கூரையுமாகத்தான் எழுந்தது. கட்டுவது எளிது, எரிவதும் எளிது. 1881 ஜனவரியில் பெருந்தீ. அவ்வாண்டின் இறுதியில் பெருவெள்ளம். 1880இல்தான் மாநிலத் தலைநகர் கிள்ளானிலிருந்து இங்கே மாறியிருந்தது. 1882இல் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிச் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்று விதித்தார். செங்கல்லுக்குக் களிமண் வேண்டும், சூளை வேண்டும், சூளைக்கு நிலம் வேண்டும். அந்த நிலமே பிரிக்பீல்ட்ஸ்.

என்னுடன் வந்த மாணவருள் மூவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஊர்ப்பெயரின் பொருளை அவர்கள் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அது அவர்கள் குற்றமன்று. நாம் சொல்லித் தரவில்லை.

மேடான் பாசாரில் சற்று நேரம் அஞ்சடியில் நின்றோம். யாப் ஆ லோயின் சந்தை இருந்த இடம் அது. ஊரையே மீட்டெடுத்தவரின் பெயரைத் தாங்குவது அருகிலுள்ள ஒரு குறுந்தெரு மட்டுமே. அதுவும் பரவாயில்லை, சூளையில் வெந்தவன் பெயரைத் தாங்கிய தெருவை நான் கண்டதில்லை. மதுரை எரிந்ததைச் சிலப்பதிகாரம் எத்தனை விரிவாகச் சொல்கிறது! அதை மீண்டும் கட்டிய கொத்தனைப் பற்றி இளங்கோவடிகளும் பேசவில்லை. எரிப்பதில் உள்ள காவியச் சுவை கட்டுவதில் இல்லை போலும்.

அங்கிருந்து துன் எச்.எஸ். லீ சாலையிலுள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோவிலுக்கு நடந்தோம். தம்புசாமிப் பிள்ளை நிறுவிய அக்கோவிலின் தொடக்க ஆண்டாகக் கோவில் வரலாறு குறிப்பது 1873. ஊர் மீட்கப்பட்ட அதே ஆண்டு! 1885இல் இன்றைய இடத்திற்கு வந்தபோதும் அது அத்தாப்புக் கொட்டகைதான். 1887இல் செங்கற் கட்டடமாயிற்று. இன்று நாம் காணும் கோவில் 1968இல் நிறைவுற்றது. அத்தாப்பு, செங்கல், பின்னர் இன்றைய கட்டடம்: நகரத்தின் கதையை அம்மன் சந்நிதியிலேயே படிக்கலாம் என்றேன். அப்போதுதான் அம்மாணவி குறிப்பேட்டைத் திறந்தாள்.

அவள் கேட்ட ஜப்பானியர் காலத்திற்கும் ஒரு வடு உண்டு. 1945 மார்ச்சில் நேச நாட்டு விமானங்கள் ரயில் யார்டைக் குறிவைத்து வீசிய குண்டுகளில் அருகிலிருந்த சிலாங்கூர் அருங்காட்சியகம் சிதைந்தது. அவ்விடத்தில்தான் 1963இல் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸின் பழைய ரயில் யார்டு இருந்த நிலத்தில் இன்று கே.எல். சென்ட்ரல் நிற்கிறது.

ஆசிரியப் பெருமக்களே, ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். போர் இடித்ததை விட அமைதிக் காலம் இடித்தது குறைவன்று. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேத் தொழிலாளர் வாழ்ந்த பழைய குடியிருப்புகளைக் குண்டு அழிக்கவில்லை. நம் கண்முன்னே, பட்டப்பகலில், இயந்திரங்கள் இடித்தன. 2014இல் விவேகானந்தா ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடித் திட்டம் பேசப்பட்டபோது மட்டும் மக்கள் குரல் எழுந்தது. பின்னர் அக்கட்டடம் மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது. குரல் எழுந்த இடத்தில் சுவர் நிற்கிறது. எழாத இடத்தில் என்ன இருந்தது என்று கேட்டால், அங்கே குடியிருந்த பாட்டிமார்தாம் சொல்ல வேண்டும். அவர்களிடம் கேட்டு எழுதி வருமாறு மாணவருக்குப் பணித்தேன். இருவர் எழுதி வந்தனர். ஒருவரின் பாட்டி, வீட்டுச் சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பின் ஊடே தெரிந்த செங்கல்லின் நிறத்தை நினைவுகூர்ந்திருந்தார்.

எங்கள் அடுத்த நடை கிள்ளானில். ராஜா அப்துல்லா 1857இல் எழுப்பிய கிடங்கு இன்றும் அங்கே நிற்கிறது. போர் தொடங்கிய ஊரில், போருக்கும் முந்திய சுவர். வர விரும்பும் பள்ளிகள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தரலாம்.