பச்சை உடம்புக்காரியும் பிராந்தி பாட்டிலும்

நான் பத்தாவதுதான் படிச்சவ. மேடையில பேசிப் பழக்கமில்லை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

ஆம்பளைங்க குடியைப் பத்தி நாம எத்தனையோ தீர்மானம் போட்டிருக்கோம். மருந்துன்னு பேர் வச்சு நம்ம வீட்டு அலமாரியில இருக்கிற பாட்டிலைப் பத்தி யாரும் பேசறதில்லை.

என் மூத்த பையன் பிறந்து ஒன்பதாம் நாள், அடைமழை. பச்சை உடம்புல குளிர் ஏறிடும்னு எங்க அம்மாச்சி வெந்நீரில் பிராந்தி கலந்து கொடுத்தாங்க. அவங்க மேல குத்தமில்லை, அவங்களுக்கும் அப்படித்தான் கொடுத்திருக்காங்க. மூணு ராத்திரி குடிச்சேன். பிள்ளை ரெண்டு வாய் சப்பிட்டுத் தூங்கிடுவான். எனக்கு மார்ல பால் கட்டி வலி உயிர் போச்சு. வீட்டிலயோ, "புள்ள அசந்து தூங்குது, நல்ல மருந்து"ன்னு சந்தோஷம்.

எடை பார்க்க வந்த நர்சம்மா, பிள்ளைக்கு எடை ஏறலையேன்னு என் சாப்பாட்டை ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. வெட்கத்தோட பிராந்தியைச் சொன்னேன். அவங்க திட்டலை. தாய் ரத்தத்தில் எவ்வளவு போதை இருக்கோ ஏறக்குறைய அவ்வளவு பாலிலும் இருக்குமாம். குடிச்ச அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகுமாம். பச்சைப் பிள்ளை ஈரலுக்கு அதைத் தாங்கற பலம் கிடையாது. பால் ஊறும்னு குடிக்கிறோம், அதுவோ பால் இறங்கறதையே குறைக்குது.

"பீய்ச்சிக் கொட்டிட்டா சரியாயிடுமா?"ன்னு கேட்டேன். ஆகாதாம். ரத்தத்தில் இருக்கிறவரை புதுசா ஊறுற பாலிலும் வரும். கொஞ்சம் குடிச்சாலே ரெண்டு மணி நேரமாவது போகணும், கூடக் குடிச்சா கூட நேரம். குடிச்சிட்டு பிள்ளையைப் பக்கத்துல போட்டுத் தூங்கவே கூடாது, மூச்சு முட்டிடும். இது வீட்டு ஆம்பளைக்கும் சேர்த்துத்தான். அதுக்காக ஒரேயடியாத் தாய்ப்பாலை நிறுத்திடாதீங்க. பிராந்தியை நிறுத்துங்க. சளிக்குன்னு பிள்ளை நாக்குல தொட்டு வைக்கிறது இன்னும் மோசம்.

உடம்பு வலிக்குன்னு குடிக்கிற தாய்மாரும் நம்மில் இருக்காங்க. அவங்களைக் கேலி பண்ணாதீங்க, பயந்து மறைச்சிடுவாங்க. நர்சம்மாகிட்ட கூட்டிட்டுப் போங்க. 104க்குப் போன் போட்டும் கேட்கலாம்.

நான் நிறுத்தினப்புறம் பையன் நல்லாக் குடிச்சுத் தேறினான். இப்போ ஏழாவது படிக்கிறான். போன மாசம் தங்கச்சிக்குப் பிரசவம். அம்மாச்சி பாட்டிலைத் தேடினாங்க. நான் பூண்டுக் குழம்பு வச்சுக் கொடுத்தேன். பாட்டில் எங்கன்னு இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.