முகவரி இல்லாதார்க்கு ஓர் எண்



பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். திருமுருகாற்றுப்படை அடியவனை முருகனிடம் அனுப்புவது. ஏனைய நான்கிலும் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரே வரும் வறியவனை நிறுத்துகிறான். எவ்வழி சென்றால் எவ்வூர் வரும், அங்கே என்ன உணவு கிடைக்கும், எவனுடைய வாயில் அடையாதிருக்கும் என விரித்துரைத்து அனுப்புகிறான். சொல்கிறவன் தானே அவ்வழி நடந்தவன். ஆகவே அவன் சொல் நம்பத்தக்கதாகிறது. உறைவிடம் இல்லாதவனுக்குச் செய்தியால் செய்யக்கூடிய உதவிக்குத் தமிழில் இதனினும் பழைய சான்று தேட வேண்டியதில்லை. அந்தப் பணியை இன்று கைப்பேசியும் கணினியும் செய்துவிடுமா என்பதே இவ்வுரையின் பொருள்.

வீடற்றோர் எனப்படுவோர் யாவர்? நடைபாதையிலும், ஹியூம் குழாய்க்குள்ளும், மேம்பாலத்தின் அடியிலும், கோயில் மண்டபத்திலும், ரயில் நடைமேடையிலும் வாழ்வோர் என்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் விளக்கம். 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் இரவில் நாடெங்கும் அவர்களை எண்ணினார்கள், 17.7 லட்சம் பேர் எனத் தெரிந்தது. ஓர் இரவில் கண்ணில் பட்டவர்களின் தொகை அது. கோவையில் வாழ்வோர்க்கு அந்த விளக்கத்தைப் படிக்கும்போதே காந்திபுரமும் உக்கடமும் ரயிலடியும் தாமே நினைவுக்கு வரும்.

ஒரு லட்சம் மக்களுக்கு ஓர் இரவுக் காப்பகம் வேண்டும், அது ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டில் ஆணையிட்டது. விரிவாக்கப்பட்ட கோவை மாநகராட்சியின் மக்கள்தொகை 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 16 லட்சம். அளவுகோலின்படி 16 காப்பகங்கள். எந்தக் கருவியைப் பற்றிப் பேசும் முன்னரும் இந்தக் கணக்கை மறவாதிருத்தல் நலம். வழிகாட்டுகிறவன் காட்டும் வழியின் முடிவில் ஒரு வாயில் இருந்தாக வேண்டும். கொங்கு நாட்டு ஊர்ச் சாவடியும் வீட்டுத் திண்ணையும் ஒரு காலத்தில் அவ்வாயிலாக இருந்தன என்று பெருமையோடு சொல்வார்கள். உண்மைதான். இடம் தருமுன் அவை சாதியைக் கேட்டன என்பதும் உண்மை.

இனித் தொலைபேசிக்கு வருவோம். இந்தியாவில் வீடற்றோர்க்குத் தொலைபேசி மெய்யாகவே உதவியதற்குச் சிறந்த சான்று 1098 என்னும் எண். மும்பையில் 1996-ஆம் ஆண்டில், டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜெரூ பில்லிமோரியா அதனைத் தொடங்கினார். அதற்கு முன்பே தெருவில் உறங்கும் சிறுவர்களுக்குத் தம் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருந்தார். அடிபட்டாலும், காய்ச்சலில் கிடந்தாலும், காவலர் விரட்டினாலும் அவர்கள் இரவில் அழைத்தார்கள். அந்த அனுபவத்தினின்று பிறந்தது கட்டணமில்லா இவ்வெண். பத்து, ஒன்பது, எட்டு என இறங்கி வருவதால் எழுத்தறியாச் சிறுவனும் மறக்க மாட்டான். ஆனால் அதன் வெற்றி எண்ணில் இல்லை. அழைத்தவனிடம் 60 நிமிடத்திற்குள் ஒருவர் நேரில் சென்று சேர வேண்டும் என்று அவர்கள் வகுத்துக்கொண்ட நெறியில் இருந்தது.

அந்த எண் தோன்றிய காலத்தில் தொலைபேசி தெருவில் நின்றது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகளும், ஒரு ரூபாய் நாணயம் போடும் பெட்டிகளும் தேநீர்க் கடைதோறும் இருந்தன. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் எவர்க்கும் குரல் கொடுக்க இடம் தந்தன. முன்னேற்றம் அவற்றை அகற்றிவிட்டது. இன்று தொலைபேசி அவரவர் சட்டைப் பையில். பை இல்லாதவனுக்கு அது முன்னிலும் தொலைவாகிவிட்டது. தொழில்நுட்பம் வளர்ந்ததால் ஏழைக்கு ஒரு வாயில் அடைபட்டதைப் பற்றி அதிகமாக யாரும் எழுதவில்லை.

கைப்பேசி கையில் இருப்பவர்க்கும் துயரம் வேறு வடிவில் வருகிறது. மின்னேற்ற இடமில்லை. உறங்கும்போது திருட்டுப் போகிறது. கட்டணக் காலம் முடிந்தால் சில நாட்களில் வரும் அழைப்பும் நின்றுவிடுகிறது. 90 நாட்கள் பயன்படுத்தாத எண் துண்டிக்கப்படலாம். பின்னர் அது வேறொருவர்க்குப் போய்ச் சேரும். வங்கிக் கணக்கு முதல் அரசு உதவித்தொகை வரை அந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யையே நம்பியிருக்கும் காலத்தில், எண்ணை இழப்பது மறுபடியும் ஒரு வீட்டை இழப்பதற்கு ஒப்பாகும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1991-ஆம் ஆண்டில் இதற்கு எளியதொரு வழி கண்டார்கள். வீடற்ற ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் கொடுத்து, அதற்கு வரும் செய்தியைக் குரலாகவே பதிந்து வைத்தார்கள். வேலை தர விரும்பும் முதலாளி அழைப்பார். மறுமுனையில் காப்பகத்தின் பெயர் கேட்காது, அந்த மனிதரின் குரலே கேட்கும். அவர் எங்கே உறங்குகிறார் என்பது முதலாளிக்குத் தெரிய வேண்டியதில்லை. கருவி சிறிதே, ஆயினும் அது ஒருவருடைய மானத்தைக் காத்தது.

இயந்திரம் முகவரி கேட்கும்போது இல்லாதவன் என்ன சொல்வான்? இந்த வினாவுக்கு இந்தியாவிலேயே நல்ல விடைகள் இருக்கின்றன. வீடற்றவர் வாக்காளராகப் பதிய விண்ணப்பித்தால், அவர் குறிப்பிட்ட இடத்தில் மெய்யாகவே உறங்குகிறாரா என வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் சென்று பார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. உறக்கமே சான்றாகிறது, வேறு முகவரிச் சான்று வேண்டியதில்லை. ஆதாரில் ஆவணம் இல்லாதார்க்கு அறிமுகம் செய்வோர் என்ற ஏற்பாடு இருந்தது. 2021-ஆம் ஆண்டில் கொரோனாத் தடுப்பூசிக்குக் கைப்பேசி எண்ணும் அடையாள அட்டையும் கேட்டபோது, அவை இல்லாதாரை ஒருவர் தம் எண்ணில் பதிந்து அழைத்துச் செல்லும் நெறிமுறையை மத்திய அரசு மே மாதத்தில் வெளியிட்டது. மூன்றிலும் கணினி உண்டு. கணினிக்கு முன்னே ஒரு மனிதர் நின்று, ‘இவரை எனக்குத் தெரியும்’ என்கிறார். ஆற்றுப்படை இங்கே மீண்டும் வந்துவிடுகிறது.

கோவையில் ‘ஈர நெஞ்சம்’ என்னும் அறக்கட்டளை, நினைவு தடுமாறித் தெருவில் திரிந்த பலரை முகநூலின் துணையால் உறவினரிடம் சேர்த்திருக்கிறது. ஒரு நிழற்படம் ஓர் இரவில் பல மாவட்டங்களைக் கடப்பது வியப்புக்குரியதே. எனினும் படத்தை எங்கே அனுப்புவது என்பதைப் பேச்சுத்தான் சொல்லும். மாலையைப் ‘பொழுதோட’ என்றும், அந்தப் பக்கத்தை ‘அக்கட்ட’ என்றும் ஒரு மூதாட்டி சொன்னால் அவர் கொங்கு நாட்டவர் என்று செவியுள்ளவர் அறிவர். தம் பெயரையும் மறந்தவர் வட்டார வழக்கை மறப்பதில்லை. கவிஞர்களும் சிறுகதையாளர்களும் இவ்வளவு நாள் சேர்த்து வைத்த சொற்கள் காப்பகத்து மேசையிலும் பயன்படும் என்பது இந்த அவைக்கு மகிழ்ச்சி தரக்கூடும்.

இதிலும் ஓர் இடறல் உண்டு. தெருவில் இருப்போர் எல்லாரும் வழி தவறியவர்கள் அல்லர். அடிக்கும் கணவனிடமிருந்தும், சொத்தை எழுதி வாங்கிக்கொண்ட பிள்ளைகளிடமிருந்தும் தப்பி வந்தவர்கள் அவர்களுள் இருக்கிறார்கள். அத்தகைய பெண்ணின் முகத்தை அவள் இசைவின்றி ஆயிரம் திரைகளில் காட்டுவது அவளைத் துரத்தி வந்தவனுக்கு அடையாளம் காட்டிக் கொடுப்பதாகும். மனநோயால் வாடிய வீடற்ற பெண்களுக்காகச் சென்னையில் 1993-ஆம் ஆண்டு ‘பான்யன்’ நிறுவனத்தைத் தொடங்கியவர்கள், முதலில் சிகிச்சையும் தங்குமிடமும் தந்தார்கள். வீடு திரும்புவது அதன் பின்னர். அந்த வரிசையை மாற்றாதிருக்க வேண்டும்.

இவ்வாறு பார்க்குங்கால் கோவைக்கு வேண்டுவன பெரிய செயலிகள் எவையும் இல்லை. ஒவ்வொரு காப்பகத்திலும் மின்னேற்றுவதற்குப் பூட்டுள்ள சில பெட்டிகள்; அங்கே தங்குவோர் பெயரில் வரும் செய்தியை எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம்; மாறாத எண்ணுடைய ஒரு தரைவழித் தொலைபேசி. அந்த எண்ணைப் பேருந்து நிலையத் தூண்களில் பெரிய எழுத்தில் எழுதலாம். நள்ளிரவு இரண்டு மணிக்கு மணியடித்தால் எழுந்து எடுப்பதற்குச் சம்பளம் கொடுத்து ஒருவரை அமர்த்த வேண்டும். செலவில் பெரும்பகுதி அவருக்குத்தான் ஆகும்.