பேசாத குழந்தையும் பேசும் மொழியும்



நாம் கேட்டுப் பழகிய ‘ஆகாசவாணி’ என்னும் பெயர் மைசூர் நகருக்கு மிகவும் உரியது. 1935-இல் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி இந்நகரில் தொடங்கிய சிறு வானொலி நிலையம் அப்பெயரைத் தாங்கிற்று. தொலைவில் இருப்போருக்குச் சொல்லைக் கொண்டு சேர்த்த இவ்வூரிலேயே, சொல் எழாத குழந்தைகளுக்கும் ஓர் இடம் உண்டு. மானச கங்கோத்திரியில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனமே அது. 1965-இல் தோன்றிய இந்நிறுவனத்தை மத்திய அரசு நடத்தி வருகிறது. ஆட்டிசம் உடைய குழந்தைகளுக்கும் இங்கே பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் அளிக்கப்படுகின்றன.

எங்கள் தெருவில் தஞ்சைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வசிக்கிறது. அவ்வீட்டுச் சிறுவனுக்கு வயது நான்கு. பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். சுழலும் விசிறியையே நெடுநேரம் பார்த்திருப்பான். அவனுக்கு இருப்பது ஆட்டிசம் என்று தெரிந்தபின், யாரோ ஒருவர், “வீட்டில் ஒரே மொழிதான் பேச வேண்டும், அது பள்ளிக்கூடத்து ஆங்கிலமாகவே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. அன்று முதல் அவர் பேரனிடம் வாய் திறப்பதில்லை. தாயும் சொற்களை எண்ணி எண்ணிப் பேசலானார்.

மொழிபெயர்ப்பு என் தொழில் என்பதால், விண்ணப்பப் படிவங்களைப் படித்துச் சொல்லுமாறு என்னை அழைத்திருந்தார்கள். படிவத்தை மூடும் வேளையில் அத்தாய், “அண்ணா, நான் தமிழில் பேசியதால்தான் இவன் பேசவில்லையா?” என்று கேட்டார்.

இல்லை, அம்மா. இருமொழிச் சூழலில் வளரும் ஆட்டிசக் குழந்தைகள், ஒருமொழிச் சூழலில் வளர்வோரைவிட அதனால் பின்தங்குவதில்லை என்பதை ஆராய்ச்சிகள் பல காட்டியுள்ளன. எம்மொழியில் உங்களால் கொஞ்சவும், விளையாடவும், தேற்றவும் இயலுமோ, அம்மொழியே அவனுக்கு ஏற்றது. சிறு சிறு வாக்கியமாக, பொருளைக் காட்டிப் பேசினால் போதும். வீட்டு மொழி தமிழ் என்பதைப் பயிற்சியாளரிடம் தயங்காமல் கூறுங்கள். அங்கே வாரத்தில் சில மணி நேரம் கற்பதை நாள்தோறும் வீட்டில் பழக்க வேண்டியவர் தாங்களே அல்லவா?

தாய்மீது பழி சுமத்துவது புதியதன்று. 1943-இல் லியோ கானர் என்னும் மருத்துவர் இந்நிலையை விவரித்த பின், பெற்றோரின் அன்புக் குறைவே காரணம் என்று அறிஞர் பலர் நெடுங்காலம் கருதினர். அக்கருத்து தவறென்று 1964-இல் வாதிட்டு நூல் எழுதிய பெர்னார்டு ரிம்லாண்டு, தாமே அத்தகைய குழந்தையின் தந்தை. 1962-இல் இங்கிலாந்தில் சங்கம் கண்டவர்களும் பெற்றோர்களே. 1991-இல் தில்லியில் ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ அமைப்பைத் தொடங்கிய மெரி பரூவாவும் ஒரு தாயே. பழி சுமந்தவர்களே பிறருக்குத் துணையாய் நின்றனர்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் அறிய வேண்டிய செய்திகள் மூன்று உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன்னுள் அடக்குகிறது. அச்சட்டப்படி பெறும் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். பணி மாற்றம் வந்தாலும் அது பயன்படும். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு, ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவுகிறது. பதினெட்டு வயதுக்குப் பின் பாதுகாவலர் தேவைப்படின், அதே சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியரை உள்ளிட்ட குழுவிடம் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் எந்நிறுவனமும் வீட்டின் குரலுக்கு ஈடாகாது. சென்ற வாரம் மாடியில் பாட்டி, “அதோ பார், நிலா” என்று விரல் நீட்டினார். சிறுவன் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டி கையைத் தாழ்த்தியதும், அவ்விரலைப் பற்றி மீண்டும் வானை நோக்கி உயர்த்தினான். பாட்டி மறுபடியும் “நிலா” என்றார், தமிழிலேதான்.