வீடே உடற்பயிற்சிக் கூடம்



2020 தொடக்கத்தில் தென்கொரியாவின் சியோனான் நகரில், நடன உடற்பயிற்சி வகுப்புகள் வழியாக 112 பேருக்குக் கொரோனா பரவியது. மூடிய அறையில் பலர் மூச்சிரைக்க ஆடியதுதான் காரணம். அங்கேயே மென்மையான யோகா வகுப்புக்குப் போனவர்களுக்குத் தொற்று வரவில்லை. இந்தியாவிலும் மார்ச்சில் மூடிய உடற்பயிற்சிக் கூடங்களுக்கு ஆகஸ்ட் 5-இல்தான் அனுமதி கிடைத்தது.

அந்தமானில் வாழும் நமக்கு உடற்பயிற்சிக்கு இன்னொரு தடை, மழை. இரண்டு பருவமழையும் பெய்வதால் போர்ட் பிளேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் கொட்டுகிறது. கடற்கரையில் நடக்க நினைத்தாலும் பல நாள் முடியாது. ஆகவே வீட்டுப் பயிற்சி நமக்கு எப்போதும் தேவை.

சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நில்லுங்கள். தோள் உயரத்தில் உள்ளங்கைகளை ஊன்றுங்கள். முழங்கையை மடக்கி, நெஞ்சைச் சுவரருகே கொண்டுபோய் மெல்ல மீளுங்கள். பத்து முறை போதும். அடுத்து, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள், தொடை வலுப்பெறும். முழங்கால் தாங்குமென்றால் தோப்புக்கரணம் போடலாம். இதய நோய், மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். இன்றே தொடங்குங்கள், வீட்டுப் பெரியவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.