பரபக்கமும் பகுத்தறிவு மேடையும்
(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)

 

குடமுழுக்கு விழாவில் நாத்திகரைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். எனினும் உடுமலை வட்டாரத்துப் பெற்றோர் பலர் நெஞ்சில் உறுத்தி நிற்கும் வினா இதுவேயாகும். கடவுள் இல்லை என்பார் அக்கொள்கையைத் தம்மளவில் வைத்து அமைவரா? பிறரையும், குறிப்பாக நம் வீட்டுப் பிள்ளைகளையும், தம்பால் ஈர்க்க முயல்வரா?

முயல்வர். முயன்றனர். அதனை அவர்கள் மறைத்ததுமில்லை. கொங்கு நாட்டார்க்கு இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதின்று. ஈரோட்டில் 1925 மே 2ஆம் நாள் பெரியார் ஈ. வெ. ராமசாமி 'குடி அரசு' இதழைத் தொடங்கினார். பின்னர் மேடைப் பேச்சு, சிறு வெளியீடு, நாடகம், திரைப்படம் என்று அப்பிரசாரம் ஊர்தோறும் பரவியது. பகத்சிங் சிறையிலிருந்து எழுதிய நாத்திகக் கட்டுரையை ப. ஜீவானந்தம் தமிழாக்கினார், அதுவும் அவ்வியக்கத்தின் வழியே 1930களில் வெளிவந்தது. உடுமலைக்கு அணித்தான பூளவாடியில் 1899இல் பிறந்த நாராயணகவியாரின் சீர்திருத்தப் பாடல்கள் 1949இல் 'வேலைக்காரி', 'நல்லதம்பி' முதலிய படங்களின் வாயிலாகப் பட்டி தொட்டியெங்கும் ஒலித்தன. நந்தனார் சரித்திரம் சொல்லும் காலட்சேப முறையையே எடுத்துக்கொண்டு, கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் கல்வியின் பெருமை கூறும் 'கிந்தனார்' காலட்சேபம் நிகழ்த்தினார். சீர்திருத்தம் பேசினார் அனைவரையும் நாத்திகர் என ஒரே தட்டில் நிறுத்தல் பொருந்தாது என்பதையும் இங்கே சொல்லிவைத்தல் நலம்.

இவ்வாறு பரப்புதல் குற்றமாமோ எனின், ஆகாது. ஞானசம்பந்தப் பெருமான் மதுரையில் சமணரொடு வாது செய்த வரலாற்றை மகிழ்ந்தோதும் சைவர், பிறர் தங் கொள்கையை எடுத்துரைக்கும்போது வாயை மூடுக என்று கூறுதல் எங்ஙனம் முறையாகும்? உண்மையெனத் தான் கண்டதைப் பிறர்க்குக் கூறுதல் மனித இயல்பு. பெரியாரும் தாம் சொல்வதை அப்படியே நம்ப வேண்டா, அவரவர் அறிவு கொண்டு ஆராய்க என்றே கேட்போரிடம் கூறிவந்தார். ஆயினும் 1953 மே 27ஆம் நாள் பிள்ளையார் உருவங்களை உடைத்த செயலை வாதமென்று கொள்ள இயலாது. வாதம் அறிவை நோக்கியது. அச்செயல் வணங்குவார் நெஞ்சைப் புண்படுத்தியது.

சைவத்துக்கு இவ்வாதம் புதிதுமன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்துள் பதினான்கு மதங்களை எடுத்து ஆராய்கின்றார். அவற்றுள் முதலில் வந்து நிற்பவன் உலகாயதன். காட்சியே அளவை, வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கூடியவிடத்துச் சிவப்புத் தோன்றுதல் போலப் பூதங்கள் கூடியவிடத்து அறிவு தோன்றும், உயிரென வேறொன்றில்லை என்பது உலகாயதர் கொள்கை. ஆசிரியர் அவனை வாயடைக்கவில்லை. அவன் கூற்றை அவன் வாயாலேயே முதற்கண் சொல்லவிட்டு, அதன் பின்னரே மறுக்கின்றார். ஆதலின் சித்தாந்தம் பயிலும் மாணாக்கன் நாத்திகன் கூற்றைக் கேளாமல் மேற்செல்ல இயலாது. இந்நூலைப் பூசையில் வைத்துப் போற்றுவோர், மகன் ஒரு கேள்வி கேட்டவுடன் சினந்து எழுந்து போவது வியப்பே!

இன்னுமொன்று. 'குடி அரசு' அலுவலகத்தைத் திறந்து வைத்தவர் யார்? திருப்பாதிரிப்புலியூர் மடத்துத் தலைவராகிய ஞானியார் அடிகள்! பெரியாரும் ஈரோட்டிலே தேவஸ்தானக் குழுத் தலைவராய் இருந்தவர். பின் எங்கே பிளவு நேர்ந்தது? காரணம் பலவாம், ஒன்றையேனும் நெஞ்சறியக் கூறுதல் வேண்டும். வைக்கத்தில் எழுந்தருளியிருப்பவர் மகாதேவர், நம் சிவபெருமானே. அத்திருக்கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் தாழ்த்தப்பட்டோர் நடக்கவும் தடையிருந்தது. 1924இல் அத்தடையை எதிர்த்துப் பெரியார் சிறை புகுந்தார். மதுரை மீனாட்சியம்மை கோயிலில் எல்லாரும் புக 1939 வரையும், சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலய நுழைவுச் சட்டம் வர 1947 வரையும் காத்திருக்க வேண்டியதாயிற்று. உலகாயதனுடைய வெற்றிலை உவமையைக் கேட்டுக் கோயிலை விட்டவர் மிகச் சிலர். அடைத்த கதவைக் கண்டு விட்டவரே பலர். நாத்திகர் மேடைக்கு வேண்டிய வாதத்தை ஆத்திகரே எழுதிக் கொடுத்தனர் என்பது கசப்பான உண்மை.

இதனை உணர்ந்தே குன்றக்குடி அடிகளார் பெரியாரைப் பகையென ஒதுக்காது, ஒரே மேடையில் உடனிருந்து உரையாடினார், தீண்டாமையைக் கடிந்தார், ஊர்தோறும் சென்று சமயம் பேசினார்.

பெற்றோர் திலகவதியாரை நினைக்கலாம். தம்பி மருள்நீக்கியார் சமணஞ் சார்ந்து தருமசேனராய்ப் புகழ்பெற்று வாழ்ந்த காலத்தில், அவர் வாதிடச் செல்லவில்லை. திருவதிகையில் அலகிட்டு மெழுகித் தொண்டு செய்து, இறைவனிடம் முறையிட்டிருந்தார். சூலைநோய் வருத்தத் தம்பி இரவில் வந்து அடிபணிந்தபோது, அன்று ஏன் போனாய் என்று ஒரு சொல்லும் கடியவில்லை. திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார்.

திருப்பணிக் குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். விமானமும் கலசமும் நிறைவுற்றன. கணக்கில் எஞ்சியிருக்கும் பொருளில் ஒரு பகுதியைச் சித்தாந்தம் கற்ற ஆசிரியர் ஒருவருக்கு ஊதியமாக ஒதுக்குக. வாரம் ஒரு மாலை மண்டபத்தில் அவர் இருத்தல் வேண்டும். திருநீறு பூசாத இளைஞனும் அங்கே வந்து அமர்ந்து, கடவுள் உண்டென்பதற்கு என்ன ஆதாரம் என்று அஞ்சாது கேட்கலாம் என அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்குக.